தஞ்சோங் பகாருக்கு வழி எது?



கைத்தொலைபேசியில் ஏதாவது ஒரு வழிகாட்டிச் செயலியைத் திறந்து "கடையநல்லூர்" என்று தட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஊர் வரும். அந்தப் பெயரில் சிங்கப்பூரிலும் ஒரு தெரு இருக்கிறது. மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தை ஒட்டி, தஞ்சோங் பகார் சாலைக்குப் பக்கத்தில், இரண்டு நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய சின்னஞ்சிறு தெரு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் திரளாக வாழ்ந்தன. பிள்ளைகள் தமிழ் படிக்க உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1946இல் தொடங்கினார்கள். மேக்ஸ்வெல் சாலையில் இருந்த அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஊர்ப்பெயர் மட்டும் தெருப்பலகையில் நிற்கிறது.

அன்றாடப் பயணத்துக்கு எந்தச் செயலியை நம்பலாம் என்பது இன்றைய அரங்கின் கேள்வி. எனக்கு முன் பேசியவர்களில் சிலர் கூகல் மேப்ஸ் என்றார்கள். வாகனம் ஓட்டுபவர்கள் வேஸ் என்றார்கள். ஒருவர் ஒன்மேப் என்றபோது அரங்கில் பாதிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னை வரலாறு பேச அழைத்திருக்கிறார்கள். ஆகவே நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. நீங்கள் நம்பும் படத்தை வரைந்தவர் யார்? எந்தப் பயணத்துக்காக வரைந்தார்? தஞ்சோங் பகாரை வைத்துக்கொண்டே இதைப் பார்த்துவிடலாம்.

ஒரே தெரு, பல பெயர்

சிங்கப்பூருக்கான முதல் நகரத் திட்டம் 1822இல் ராஃபிள்ஸ் காலத்தில் உருவானது. லெப்டினென்ட் ஜாக்சன் வரைந்த அந்தப் படத்தில், ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்பம் என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள். இன்னாருக்கு இந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பதற்காக வரைந்த படம் அது. வழி கேட்டுப் போகிறவருக்காக வரையப்பட்டதன்று.

வழி கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மொழியில் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஹாட்டன் என்ற ஆங்கிலேயர், சிங்கப்பூர்த் தெருக்களைச் சீனரும் தமிழரும் எப்படி அழைத்தார்கள் என்று பட்டியலிட்டு, ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் 1891இல் வெளியிட்டார். ஆங்கிலப் பலகையில் கிராஸ் ஸ்ட்ரீட் என்றிருந்த தெரு தமிழர் வாயில் பால்கடைச் சடக்கு. மார்க்கெட் ஸ்ட்ரீட், வட்டிக்கடைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்ததால் செட்டித் தெரு. சடக்கு என்ற சொல்லை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இளையவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சீனரும் மலாய்க்காரரும் அதே தெருக்களுக்குத் தங்கள் பெயர்களை வைத்திருந்தார்கள்.

ஆக, போட்டி வரைபடங்கள் இன்று வந்தவையல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரத்துக்குக் குறைந்தது நான்கு படங்கள் இருந்தன. ஒன்று காகிதத்தில். மூன்று தலைக்குள்.

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் 1827இல் ஓலைக் குடிசையாக ஒரு பள்ளிவாசல் எழுந்தது. தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். 1850களில் அது கல் கட்டடமானது. அப்போதும் அது குச்சுப் பள்ளிதான். அதிகாரபூர்வப் பெயர் மஸ்ஜித் அல்-அப்ரார். இன்று வரைபடங்களில் தேட வேண்டிய பெயரும் அதுவே. அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி சொல்லக் கடற்கரையிலேயே கட்டிய தலங்கள் இவை. இன்று அங்கே நின்று பார்த்தால் கடல் தெரியாது. 1879இல் தொடங்கி, வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டினார்கள். குன்று போயிற்று, கடலும் பின்வாங்கிற்று. தஞ்சோங் பகார் பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டி வாலிச் ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் கடல்முனை, பகார் என்றால் வேலி. முனையும் இல்லை, வேலியும் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நாம் துல்லியமாக வழி கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

படத்துக்காக நடந்த வழக்கு

1950களில் அரசு நில அளவைத் துறை தெருக் கையேட்டை வெளியிட்டது. டாக்சி ஓட்டுநர்களின் இருக்கைக்குப் பக்கத்தில் ஓரங்கள் சுருண்டு கிடந்த அந்தப் புத்தகத்தை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 செப்டம்பரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. இது சாதாரண மாற்றமன்று. பல நாடுகளில் ஓர் அஞ்சல் குறியீடு ஓர் ஊரையே குறிக்கும். இங்கே ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு. தஞ்சோங் பகாரில் 08 என்று தொடங்கும் ஆறு எண்களைத் தட்டினால் அந்த ஒரு கட்டடத்தின் வாசலே வந்துவிடும். தெருப்பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டிய கவலை இல்லை. எழுத்துப் பிழை இல்லை. எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் இங்கே பெயரை விட எண்ணை நம்புங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு கதை. இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் வர்ச்சுவல் மேப் என்ற தனியார் நிறுவனம் அரசின் நில அளவைத் தரவுக்கு உரிமம் பெற்று, ஸ்ட்ரீட்டைரக்டரி என்ற இணையத்தளத்தை நடத்தியது. நாடே அதைப் பயன்படுத்தியது. கல்யாணப் பத்திரிகைக்கும் கடை விளம்பரத்துக்கும் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. அப்படி ஒட்டி இணையத்தில் போட்ட பலருக்கு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கேட்டுக் கடிதம் வந்தது. இன்னோர் இடத்துக்கு வழி சொன்னதற்குப் பணமா என்று மக்கள் திகைத்தார்கள்.

இதற்கிடையே, 2004இல் அந்த நிறுவனத்தின் உரிமம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு தன் படங்கள் தானே புதிதாக வரைந்தவை என்று நிறுவனம் வாதிட்டது. சிங்கப்பூர் நில ஆணையம் வழக்குத் தொடுத்தது. வழக்கில் எது சான்றாக நின்றது தெரியுமா? பிழைகள். ஆணையத்தின் படத்தில் இருந்த அதே தவறுகள் நிறுவனத்தின் படத்திலும் இருந்தன. தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவன் அவனுடைய தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வதைப் போலத்தான். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டு, 2010இல், ஆணையம் ஒன்மேப் என்ற படத்தை மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. வழக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததா என்று வாதாடலாம். என் பார்வையில், படம் யாருடையது என்ற கேள்வி நாட்டில் அவ்வளவு உரக்க எழுந்த பிறகு, வரிப்பணத்தில் அளந்த நிலத்தின் படத்தை வரி கட்டியவரிடம் மறுபடி விற்பது எந்த அரசுக்கும் கடினம். சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்குப் படிக்கட்டு இல்லாத வழியைக் காட்டும் வசதியும் பின்னாளில் அதில் சேர்ந்தது. விளம்பர வருமானத்தை நம்பும் நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் வேலையாகத் தோன்றியிருக்காது.

நீங்களே தரும் தகவல்

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் துணைக்கோள்கள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலான அளவைத் தந்துவந்தன. 2000 மே மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த புள்ளி தெருவுக்குள்ளேயே நின்றது. கூகல் மேப்ஸ் 2005இல் பிறந்தது. ஐஃபோன் 2008இல் சிங்கப்பூருக்கு வந்தது. இஸ்ரேலில் தொடங்கிய வேஸை 2013இல் கூகல் வாங்கியது. ஆகவே கூகல் மேப்ஸா வேஸா என்று சண்டை போடுபவர்கள் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு நடுவே பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். தென்கிழக்காசியச் சந்துபொந்துகளுக்குத் தனிப்படம் வேண்டும் என்று கிராப் நிறுவனம் 2022இல் தன் வரைபடத் தொழிலை அறிவித்தது. ஓட்டுநர்கள் ஓடும் வழியே அந்தப் படத்துக்குத் தீனி.

நெரிசல் என்று சிவப்புக் கோடு காட்டுவது எப்படி? சாலையில் இருக்கும் கைத்தொலைபேசிகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதைப் பார்த்துத்தான். 2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைத்தொலைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலியான சாலை கூகல் படத்தில் சிவந்துவிட்டது! செயலிக்குக் கண் கிடையாது, நேயர்களே. நம் அசைவுதான் அதன் கண். இலவசம் என்று நினைத்துப் பயன்படுத்துகிறோம். எங்கே போனோம், எத்தனை மணிக்குப் போனோம் என்பதைக் கட்டணமாகக் கொடுக்கிறோம்.

அந்தக் கண்ணும் தஞ்சோங் பகாரில் கொஞ்சம் கூசும். 2016இல் கட்டி முடித்த குவோக்கோ டவர் 290 மீட்டர் உயரம். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். துணைக்கோளின் சமிக்ஞை அவற்றில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வருவதால், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். நிலத்தடி நடைபாதையில் இறங்கினால் சமிக்ஞையே கிடைக்காது. அங்கே கைத்தொலைபேசியைச் சுற்றிச் சுற்றித் திருப்புவதைவிட, வெளிவாசலின் எழுத்தைப் பார்த்து மேலே ஏறுவதே மேல். வாகனமோட்டிகளுக்கும் இதே தொல்லை. சுரங்க விரைவுச்சாலைக்குள் புள்ளி உறைந்துபோய், பிரியும் வழியைத் தவறவிட்டவர்கள் ஏராளம். அண்மைய ஆண்டுகளில் சுரங்கங்களுக்குள் புளூடூத் கருவிகளைப் பொருத்தித்தான் இதைச் சமாளித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, விரைவான வழி என்றால் மலிவான வழி அன்று. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காரில் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்று உரிமச் சீட்டு விற்றார்கள். 1998இல் அது மின்னியல் சாலைக் கட்டணமாயிற்று. நிமிடத்தை மிச்சப்படுத்தும் செயலி வெள்ளியை மிச்சப்படுத்தாது. கட்டணச் சாலையைத் தவிர்க்கும் தெரிவு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். தேடி எடுக்க வேண்டும்.

எனவே என் தீர்ப்பைக் கேட்டால், காரோட்டிக்கு வேஸ். பேருந்தும் ரயிலும் மாறிச் செல்பவருக்குக் கூகல் மேப்ஸ். ஆனால் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் செயலி. அஞ்சல் குறியீட்டை வைத்துக் கட்டடம் தேடுபவருக்கும், மூத்தவரை அழைத்துக்கொண்டு நடப்பவருக்கும் ஒன்மேப். ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றிலும் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 2014இல் நடந்தது நினைவிருக்கலாம். லாவ் பா சாட் சந்தைக்கு வழிகாட்டும் பலகையில் "சாட்" என்பதை ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொண்டு, தமிழில் "சனி" என்று எழுதிவிட்டார்கள். படித்த தமிழருக்கு அது வழிகாட்டியாகத் தெரியவில்லை, வசைச் சொல்லாகத் தெரிந்தது. பிறகு திருத்தினார்கள். ஹாட்டன் 1891இல் ஒவ்வொரு சமூகத்தின் வாயிலிருந்தும் கேட்டு எழுதினார். நாமோ நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு கேட்காமல் எழுதினோம்.

கேட்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சோங் பகாரில் வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் "ஸ்டேஷன் பக்கத்தில் இறங்குங்கள் தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கைத்தொலைபேசி 1987 டிசம்பரில் திறந்த பெருவிரைவு ரயில் நிலையத்தைக் காட்டும். அவர் மனத்தில் இருப்பது கெப்பல் சாலையில் 1932இல் திறந்து, 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை அனுப்பிய மலாயா ரயில் நிலையமாக இருக்கும். அந்தப் பழைய கட்டடத்தை ஒட்டியே நிலத்தடியில் கண்டோன்மென்ட் நிலையத்தைக் கட்டினார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவில் கால் மணி நேர நடை. அவர் வாசலைவிட்டுக் கிளம்புமுன், எந்த ஸ்டேஷன் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.