கணினி விளையாட்டில் யாளி வரலாம்... மெர்லயன் வரலாமா?

சிராங்கூன் ரோட்டில் ஓடுகிறான் வந்தியத்தேவன். கோயில் தூணிலிருந்து குதிக்கிறது யாளி. மரீனா பேயில் மெர்லயன் தண்ணீரைப் பீய்ச்ச, பக்கத்தில் நிற்கிறது பிக்காச்சு.

இப்படி ஒரு கணினி விளையாட்டை நீங்கள் உருவாக்குகிறீர்கள். இவற்றில் எதை யாரிடமும் கேட்காமல் சேர்க்கலாம்?

யாளி யாருக்குச் சொந்தம்?

யாருக்கும் இல்லை. பல நூற்றாண்டுகளாகக் கோயில் சிற்பங்களில் இருக்கும் உயிரினம் அது. ஆனால் இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த யாளிப் படம் அவருக்கே சொந்தம். இணையத்திலிருந்து எடுக்காமல் நீங்களே வரையுங்கள்.

வந்தியத்தேவன்?

சிங்கப்பூரில் எழுத்தாளர் மறைந்த பிறகு 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி 1954இல் காலமானார். 2024 முடிவோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. நாவலில் வரும் வந்தியத்தேவனைச் சேர்க்கலாம். 2022இல் வந்த திரைப்படத்தின் காட்சிகள், இசை, நடிகரின் முகம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது.

மெர்லயன்?

பார்த்தால் பழங்கதையில் வரும் உயிரினம் மாதிரி இருக்கும். ஆனால் அது 1964இல் சுற்றுப்பயணத் துறைக்காக வடிவமைக்கப்பட்ட சின்னம். சட்டப் பாதுகாப்பு உள்ளது. பயன்படுத்தச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி தேவை.

"பிக்காச்சுவ சும்மா ஜாலிக்குத்தான் சேர்த்தேன், காசு வாங்கலையே!"

அது மட்டும் போதாது. 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'நியாயமான பயன்பாட்டை' அனுமதிக்கிறது. ஆனால் பயன்படுத்தும் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்துக்கொண்ட அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு எல்லாம் சேர்த்தே பார்க்கப்படும். பெயரையோ நிறத்தையோ மாற்றுவதால் மட்டும் தப்பிக்க முடியாது.

அதே பாணியில் புதிய உயிரினங்களை உருவாக்கினால்?

வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை. அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஆனால் பதிப்புரிமை மட்டுமே சட்டம் அல்ல. 2024 செப்டம்பரில் நிண்டெண்டோவும் போக்கிமான் நிறுவனமும் 'பால்வேர்ல்ட்' விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின்மீது தோக்கியோவில் வழக்குத் தொடுத்தன. அவை முன்வைத்தது பதிப்புரிமை மீறலை அல்ல, விளையாட்டின் செயல்முறை தொடர்பான பேட்டன்ட் மீறலை.

உங்கள் சொந்தப் பாத்திரத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. சிங்கப்பூரில் பதிப்புரிமையைப் பதிவு செய்யத் தேவையில்லை. நீங்களே யோசித்து வரைந்ததும் அது தானாக வந்துவிடும். வரைபடங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினால், எது யாருடையது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் யாளியை வேறொருவர் எடுத்தால் அதுதான் கைகொடுக்கும்.