ஃபோர்டு எஞ்சினுக்குத் தலை மாற்றியவர்கள்

மோட்டார் எஞ்சினின் மேற்புறத்தை மூடி நிற்கும் வார்ப்புக்குச் சிலிண்டர் ஹெட் என்று பெயர். பட்டறைகளில் வெறுமனே 'ஹெட்' என்பார்கள். பார்வைக்கு ஒரு மூடிபோல் தோன்றினாலும் அது மூடி மட்டுமன்று. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை எரிகின்ற அறைக்கு அதுவே கூரை. அந்த அறையின் வடிவம் எப்படியோ, பெரும்பாலும் அப்படியே எஞ்சினின் திறனும் அமையும். ஆகவேதான், பழைய காரைப் புதுப்பித்து முன்னிலும் வேகமாக ஓடச்செய்ய விரும்புவோர் ஹெட்டின் மீது கைவைக்கிறார்கள். கம்பெனி பொருத்தி அனுப்பியதைக் கழற்றிவிட்டு, வேறொருவர் வார்த்து விற்பதை மாட்டுகிறார்கள். எதை மாட்டுவது என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டு வயது ஆகிறது. அதன் பெரும்பகுதி ஃபோர்டு கார்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1908-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரில் ஹெட் தனி வார்ப்பாக இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பாக வந்த எஞ்சின்கள் பல இருந்த காலம் அது. வார்ப்பு வேலையையும் பழுது பார்ப்பதையும் எளிதாக்கவே ஃபோர்டு அப்படிச் செய்தார். ஆனால் அவர் திறந்து வைத்த கதவின் வழியே மற்றவர்களும் நுழைந்துவிட்டனர்! 2.9 லிட்டர் கொள்ளளவிருந்தும் அந்த எஞ்சின் தந்தது 20 குதிரைத் திறன்தான். அதன் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தன. தம் பெயர் தாங்கிய கார் கம்பெனியை விட்டு விலகியிருந்த லூயி செவர்லே, தம் சகோதரரோடு சேர்ந்து 'ஃபிரான்டினாக்' என்ற பெயரில் ஹெட் ஒன்றைச் செய்து விற்றார். அதில் வால்வுகள் தலைக்கு மேல் ஏறின. 1923-இல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் இந்த ஹெட் பொருத்திய ஃபோர்டு ஐந்தாவதாக வந்தது. ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் செய்யப்பட்டன என்பதை நினைத்தால், ஹெட் விற்பவருக்கு எவ்வளவு பெரிய சந்தை காத்திருந்தது என்பது விளங்கும்.

1932-ஆம் ஆண்டு மார்ச் 31-இல் ஃபோர்டு கம்பெனி வெளியிட்ட வி-8 எஞ்சினோடு நம் கதை சூடு பிடிக்கிறது. எட்டுச் சிலிண்டர்களையும் ஒரே இரும்பு வார்ப்பாக வார்த்து, சாமானியர் வாங்கும் விலைக்குத் தந்தது பெரிய சாதனை. 221 கன அங்குலம். 65 குதிரைத் திறன். சிறிது காலத்தில் பழைய கார்க் கிடங்குகளில் இந்த எஞ்சின்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் காரோட்டிப் பழகிய இளைஞர்களுக்கு இவை வரப்பிரசாதமாயின.

இந்த எஞ்சினுக்குத் 'தட்டைத் தலை' என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. வால்வுகள் எல்லாம் சிலிண்டர்களின் பக்கத்தில், பிளாக்கிலேயே அமைந்துவிட்டதால் ஹெட்டில் வேலை எதுவுமில்லை. தட்டையான ஒரு பலகைபோல் இருந்தது. கலவை வால்வின் வழியே மேலெழுந்து, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழிறங்கிச் சிலிண்டருக்குள் போகவேண்டும். எரிந்த வாயுவின் பயணம் இன்னும் மோசம். அது சிலிண்டர்களுக்கு இடையே, தண்ணீர் சூழ்ந்த பிளாக்கின் ஊடாகப் புகுந்து வெளியேறியது. ஒரு வரிசையில் நான்கு சிலிண்டர்கள்; வெளியேறும் வழிகளோ மூன்று. நடுச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வழி. வெளியே போகவேண்டிய வெப்பம் தண்ணீரில் ஏறி ரேடியேட்டரைக் கொதிக்க வைத்தது.

இத்தகைய எஞ்சினுக்கு முதலில் வந்த மாற்று ஹெட்டுகள் வடிவில் பழையதை ஒத்தவையே. விக் எடல்பிராக் போன்றோர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அலுமினியத்தில் இவற்றை வார்த்தனர். உள்ளே எரியும் அறையைச் சிறிதாக்கி அழுத்த விகிதத்தைக் கூட்டுவதே நோக்கம். பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 239 கன அங்குல எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 490 கன செ.மீ. அதன் அழுத்த விகிதம் 6.75. அப்படியானால் மேலே எஞ்சும் இடம் 490-ஐ 5.75-ஆல் வகுக்கக் கிடைக்கும் 85 கன செ.மீ. விகிதத்தை 8 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 70 ஆகச் சுருங்க வேண்டும். இதனால் கிடைக்கும் லாபம், ஏட்டுக் கணக்கின்படி, 6 சதவீதம் போல. நல்லதுதான். ஆனால் குறைக்கப்பட்ட 15 கன செ.மீ. எங்கிருந்து வந்தது? வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே கலவை நடந்து செல்லும் தாழ்வாரத்தின் கூரையைத் தாழ்த்தி வந்தது! அழுத்தத்தைக் கூட்டினால் மூச்சு அடைக்கிறது. மூச்சை விடுவித்தால் அழுத்தம் குறைகிறது. வால்வை இன்னும் உயரத் தூக்கலாமென்றால் அது கூரையில் இடிக்கும். எவ்வளவு நல்ல தட்டைத் தலையை வாங்கினாலும் இந்த இழுபறியிலிருந்து தப்ப வழியில்லை. பிரிட்டனில் ஹாரி ரிக்கார்டோ 1919-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, கலவை சுழன்று கலங்கும்படி அறையை அமைத்து, பக்க வால்வு எஞ்சின்களின் குறையைப் பெரிதும் குறைத்துக் காட்டியிருந்தார். அவரது வழியும் இழுபறியைத் தணித்ததே தவிர நீக்கவில்லை.

நீக்க முயன்றவர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ். 1909-இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, பெர்லினில் பொறியியல் பயின்று, ஹிட்லரின் படைகள் பிரான்சுக்குள் புகுந்தபோது தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். தம் தம்பி யூராவுடன் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனிக்கு, தங்கள் பெயரின் இரு துண்டுகளை ஒட்டி 'ஆர்டன்' என்று பெயரிட்டார். 1947-ஐ ஒட்டி வெளிவந்த ஆர்டன் ஹெட், ஃபோர்டு வி-8 பிளாக்கின் மேல் அப்படியே உட்காரும். ஆனால் வால்வுகள் மேலே, அரைக்கோளக் கூரையில் சாய்வாக அமைந்தன. கேம் தண்டு பழைய இடத்திலேயே இருந்தது. நீண்ட கோல்கள் அதன் அசைவை மேலே கொண்டு சென்றன. எல்லாவற்றையும்விட முக்கியம், எரிந்த வாயு பிளாக்கைத் தொடாமல் ஹெட்டிலிருந்தே நேராக வெளியேறியது. திறன் கூடியது, கொதிப்பும் தணிந்தது.

வியப்பு என்னவென்றால், இது பந்தயக் கார்களுக்காகப் பிறந்ததன்று. பாரம் சுமந்து கொதித்துத் தவித்த ஃபோர்டு லாரிகளுக்காகவே வரையப்பட்டது. லாரிக்காரர்கள் வாங்கவில்லை; வேகப் பித்துக் கொண்டவர்கள் வாங்கினர். வாங்கியவர்கள் சிரமமும் பட்டனர். எஞ்சின் மிக அகலமாகிவிட்டதால் காரின் முகப்புக்குள் அடங்க மறுத்தது. அதிவேகத்தில் வால்வுகளை இயக்கும் உறுப்புகள் ஈடுகொடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மெக்கானிக்குகள் அவற்றைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. விலையும் அதிகம். விற்பனை சில நூறு ஜோடிகளோடு நின்றது. என் கருத்தில் டன்டோவின் தவறு ஹெட்டில் இல்லை, காலத்தில்தான். 1949-இல் ஓல்ட்ஸ்மொபைலும் கேடிலாக்கும் தலைமேல் வால்வு வைத்த வி-8 எஞ்சின்களையே விற்கத் தொடங்கின. 135 குதிரைத் திறனுள்ள முழு ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின் பழைய கார்க் கிடங்குக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்தால் போதும் என்றிருக்கையில், விலையுயர்ந்த ஹெட்டை யார் வாங்குவார்?

1953-இல் டன்டோவ், செவர்லே கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வேகக் கார் இதழ்களைப் புரட்டினால் முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை ஃபோர்டுதான். அவற்றோடு வளரும் இளைஞர்கள் பின்னாளிலும் ஃபோர்டே வாங்குவார்கள். வரவிருக்கும் புது எஞ்சினுக்கு வேக உறுப்புகளை நாமே செய்து கொடுத்தால் அவர்களை ஈர்க்கலாம் என்பது அதன் சாரம். ஃபோர்டுக்கு ஹெட் விற்ற அனுபவம் செவர்லேக்குப் பயன்பட்டது. 1955-இல் வந்த 265 கன அங்குலச் செவர்லே வி-8 எஞ்சினே, பிற்காலத்தில் வெளியார் ஹெட்டுகளுக்கு மிகப் பெரிய களமாயிற்று. அதன் இடப்பக்க ஹெட்டை வலப்பக்கத்திலும் மாட்டலாம் என்பது வார்ப்பவர்களுக்குப் பெரிய வசதி.

இன்று அந்தச் செவர்லேக்கு ஹெட் வாங்குபவர் முன் நிற்பது வேறு வகைக் கேள்வி. அறையின் அளவு 64 கன செ.மீ.யா, 76-ஆ? 350 கன அங்குல எஞ்சினில் மற்றவை மாறாதிருந்தால் இந்த 12 கன செ.மீ. வித்தியாசமே அழுத்த விகிதத்தை ஏறத்தாழ 8.5-இலிருந்து 9.6-க்கு ஏற்றிவிடும். கலவை வரும் வழி எவ்வளவு பெரிது? பெரிதாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணி ஏமாறுகின்றனர். வழி அளவுக்கு மீறி அகன்றால் மெதுவாக ஓடும்போது கலவையின் வேகம் தளர்ந்து, சாலையில் கார் சோம்பும். பழைய இரும்பு ஹெட்டுகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. 1996 முதல் அமெரிக்கச் சாலைகளில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. கடின உலோக இருக்கைகளோடு வரும் புதிய அலுமினிய ஹெட்டுகள் இக்கவலையைப் போக்குகின்றன.

தட்டைத் தலை ஃபோர்டு வைத்திருப்பவர்களும் இல்லாமல் போகவில்லை. அவர்களுக்கு ஆண்டு வாரியாகப் பொருத்தம் பார்க்கவேண்டிய தொல்லை இருக்கிறது. முற்கால எஞ்சின்களில் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் 21. 1938 முதல் 24. 1936 வரை தண்ணீர் பம்புகள் ஹெட்டிலேயே இருந்தன. 1949-க்குப் பின் தண்ணீர் வெளியேறும் வாய் ஹெட்டின் முன்பக்கம் போய்விட்டது. அலுமினிய ஹெட் இரும்பு ஸ்டட்டுகளோடு துருவேறிப் பிடித்துக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. அப்படிக் கழற்றிய பின், புது ஹெட்டுக்குப் பணம் கொடுக்குமுன், பிளாக்கைப் பார்க்க வேண்டும். வெப்பம் மிகுந்து வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடிப்பது இந்த வார்ப்பின் பிறவி நோய். காந்தமூட்டி இரும்புத் தூளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பின் ஓரத்தில் தூள் கோடுபோல் ஒட்டிக்கொள்ளும். கோடு தெரிந்தால் ஹெட் வாங்குவதைத் தள்ளிவைத்து, வேறு பிளாக் தேடப் புறப்பட வேண்டியதுதான்.