தம்ப்னெயிலின் தாத்தா

போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வியாசர்பாடியிலிருந்து என் பழைய நண்பர் போன் செய்தார். குரலே சரியில்லை. "என்னப்பா, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கோம். ஏன் கேக்கற?"

"யூடியூப்ல உன் படம் வந்திருக்கு. கதறி அழுத பெரியவர்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. எனக்குக் கை காலே ஓடலை."

வீடியோவைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லையாம். படத்தைப் பார்த்ததுமே போனை எடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். என் பேரன் ஊர்க் கதைகளைச் சொல்லும் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். பின்னி மில்லைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை உட்கார வைத்தான். என் அப்பா அங்கே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். காக்கித் துணிக்குப் பேர்போன மில், 1918 ஏப்ரலில் இந்தப் பக்கத்தில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, 1921-இல் மாதக் கணக்கில் நடந்த வேலை நிறுத்தம், 1996-இல் மில்லை மூடியது என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். நடுவில் வியர்வைக்காகக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். அந்த ஒரு நொடியை நிறுத்திப் படமாக எடுத்து, என் தலைக்கு மேல் அந்த வரியைப் போட்டுவிட்டான். வீடியோவுக்கு முகப்பாக வைக்கிற அந்தச் சின்னப் படத்துக்குத் தம்ப்னெயில் என்று பெயர். கட்டைவிரல் நகம்!

"தாத்தா, இது இல்லைன்னா யாரும் உள்ளே வரமாட்டாங்க" என்றான். ஏதோ தன் தலைமுறை கண்டுபிடித்த வித்தை மாதிரி விளக்கவும் ஆரம்பித்தான். முகம் பெரிதாக இருக்க வேண்டுமாம். மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் கூடாதாம். கறுப்பில் மஞ்சள் எழுத்துத்தான் எடுபடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐ.சி.எப். பெயின்ட் ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு எழுத்தும் எண்ணும் எழுதிக் காலம் கழித்தவன் நான். மஞ்சளும் கறுப்பும் ஓடுகிற கண்ணுக்கு ஏற்ற நிறங்கள் என்பது பெரம்பூர் ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே தெரியும். மின்சார ரயில் நிற்பதற்கு முன்பே ஊர்ப் பெயரைப் படித்துவிடலாம். மற்ற வித்தைகளும் நம் ஊர்ச் சுவர்களில் பல காலம் இருந்தவைதான். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

மவுனப் படக் காலத்தில் விளம்பரம் என்றால் மாட்டு வண்டிதான். இரண்டு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் பேண்டு வாத்தியம் முழங்க, பிட் நோட்டீஸை வீசிக்கொண்டே வண்டி தெருத் தெருவாகப் போகும். என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். வட சென்னை இதில் பின்தங்கிய இடம் இல்லை. ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் தியேட்டர் மின்ட் தெருவில் இருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரல், பிற்பாடு முருகன் டாக்கீஸ் ஆனதே, அதுவும் அந்தப் பக்கம்தான். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று இன்றும் நாம் சொல்கிற அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். பேசுகிறது என்பதே அதிசயமாக இருந்த நாளில் எந்த மொழி என்று யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

விளம்பரத்தை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் என்று எஸ்.எஸ். வாசனைச் சொல்லலாம். அவர் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே விளம்பரத் துறையில் இருந்தவர். 1948 ஏப்ரலில் 'சந்திரலேகா' வந்தது. அதே வருஷக் கடைசியில் இந்தியிலும் வெளியிட்டு, வடநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் பெரிய பெரிய விளம்பரங்கள் கொடுத்தார். அந்தப் படம் என்றதும் இன்றைக்கும் நம் கண் முன்னால் நிற்பது எது? வரிசை வரிசையாக வைத்த ராட்சத முரசுகளும் அவற்றின் மேல் ஆடும் பெண்களும். கதை ஞாபகம் இல்லாதவர்களுக்குக்கூட அது ஞாபகம் இருக்கிறது. நான் கவனிப்பது இன்னொன்று. அந்த முரசு நடனம் படத்தில் உண்மையாகவே இருந்தது! காசு கொடுத்து உள்ளே போனவனுக்கு வெளியே காட்டியதைவிட அதிகமாகவே கிடைத்தது.

அடுத்தது கட்அவுட் காலம். 1957-இல் 'வணங்காமுடி' படத்துக்குப் புதுப்பேட்டை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் சிவாஜிக்கு 80 அடி உயரத்தில் கட்அவுட் வைத்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காட்டியதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகு மவுண்ட் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த பேனர்கள்தான். மூக்கின் ஒரு பக்கம் ரோஸ், மறு பக்கம் நீலம், கன்னத்தில் பச்சை நிழல். இப்படி யாருக்காவது முகம் இருக்குமா என்று சின்ன வயதில் நினைப்பேன். பெயின்ட் ஷாப்பில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. கிட்டே நின்று பார்க்க வரைந்தவை அல்ல அவை. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓடும் பஸ்ஸிலிருந்து, ராத்திரி மஞ்சள் விளக்கில் பார்க்க வரைந்தவை. தோல் நிறத்திலேயே வரைந்தால் நூறு அடிக்கு அப்பால் முகம் மாவுக் கட்டி மாதிரி தெரியும்.

எங்கள் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் இளமையில் பேனர் கம்பெனி ஒன்றில் உதவியாளாக இருந்தவர். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைச் சொல்லுவார். தயாரிப்பாளர் கொடுத்த ஸ்டில் போட்டோவில் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போடுவார்களாம். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளைப் பொடியும் கலந்து பூசி, காய்ந்ததும் அதே கட்டங்களைப் பெரிதாகப் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அப்படியே பெரிதாக்கி வரைய வேண்டும். கண்ணை மட்டும் மேஸ்திரிதான் வரைவார், உதவியாளர்கள் தொடக்கூடாது. கண் சரியாக விழுந்துவிட்டால் மீதியை ஜனங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்பாராம் அவர். கட்அவுட் என்றால் பலகையை உருவ விளிம்போடு அறுத்துச் சவுக்குக் கம்புகளில் நிறுத்துவார்கள். அதில் ஜிகினா வட்டுகளைக் கட்டிவிட்டால் காற்றில் ஆடி மின்னும். அசைகிற பொருளைக் கண் விடாது. இன்றைக்கு என் பேரன் படத்தைச் சுற்றி அம்புக்குறியும் சிவப்பு வட்டமும் போடுகிறானே, அது அந்த ஜிகினாவின் பேரப்பிள்ளை.

தாள் போஸ்டருக்கு வேறு கலைஞர்கள் இருந்தார்கள். 1967-இல் பாபு இயக்கிய 'சாக்ஷி' என்ற தெலுங்குப் படத்தில் தொடங்கிச் சென்னையிலேயே இருந்து ஏராளமான படங்களுக்குப் போஸ்டர் வடிவமைத்த ஈஸ்வர் அவர்களில் ஒருவர். இந்த மாதிரி வேலையில் பெரிய படத்துக்கு முன்னால் கையளவு தாளில் ஒரு குட்டி லே-அவுட் போட்டுப் பார்ப்பது வழக்கம். தம்ப்னெயில் என்ற சொல்லே முதலில் ஓவியர்கள் போடும் அந்தக் குட்டிப் படத்துக்குத்தான் இருந்தது. போஸ்டர்களோ சுவர் சுவராக ஏறின. பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டாதீர் என்று எழுதிய இடத்தின் மேலேயே போஸ்டரை ஒட்டினால் யார் படிக்க முடியும்?

சுவர் போஸ்டரைவிடத் தம்ப்னெயிலுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. பெட்டிக்கடையில் தொங்கும் மாலைப் பத்திரிகை போஸ்டர். சாயங்கால ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற தொழிலாளிக்கு அது கண்ணில் படுவது இரண்டு நொடி. அதற்குள் காசை எடுக்க வைக்க வேண்டும். கொட்டை எழுத்தில் 'பிரபல நடிகர் மரணம்' என்ற மாதிரி இருக்கும். பதறி வாங்கிப் பிரித்தால், படத்தின் கடைசிக் காட்சியில் அவர் இறப்பது போல எடுத்திருக்கிறார்கள் என்று உள்ளே நாலு வரி. போஸ்டரை மறுபடி உற்றுப் பார்த்தால் ஓரத்தில் கடுகளவு கேள்விக்குறி ஒன்று ஒளிந்திருக்கும். இப்படி நான் ஏமாந்தது ஒரு முறை இரண்டு முறை அல்ல.

ஆனால் இதற்கு ஓர் எல்லை இருந்தது. நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) நாயகன் புலியோடு கட்டிப் புரள்கிற மாதிரி வாசலை அடைத்துப் பேனர் வைத்தார்கள். படத்தில் புலி வந்தது அரை நிமிஷம், அதுவும் கூண்டுக்குள். இடைவேளையில் ஜனங்கள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்கள். "புலி எங்கேய்யா?" என்று ஒரே சத்தம். மறுநாள் காலைக் காட்சிக்கு முன் பேனரில் புலி இருந்த இடத்தில் கதாநாயகி நின்றாள். ராத்திரியோடு ராத்திரியாக வரைந்திருக்கிறார்கள். ஈர பெயின்ட் வாசனை ரோடு வரைக்கும் அடித்தது.

பேனர் வைத்தவரும் அதைப் பார்த்து ஏமாந்தவரும் மறுநாள் ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியவர்கள். யூடியூபில் அந்த டீக்கடை இல்லை. ஏமாந்தவன் அடுத்த படத்துக்கு விரலைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறான். யாரிடம் போய்ப் புலி எங்கே என்று கேட்பது?

2005-இல் யூடியூப் வந்த புதிதில் இந்தச் சுதந்திரம் கிடையாதாம். வீடியோவிலிருந்தே சில காட்சிகளை அதுவாக எடுத்துக் கொடுக்கும், அதில் ஒன்றைத்தான் முகப்பாக வைக்கலாம். அதையும் விட்டார்களா? நடுவிலிருந்து படம் எடுக்கிறது என்று தெரிந்ததும், வீடியோவின் சரிபாதியில் சம்பந்தமில்லாத கவர்ச்சிப் படம் ஒன்றைச் செருகி வைத்தார்களாம். பிறகு தனியாகப் படம் செய்து போடலாம் என்று வந்தது. 1280-க்கு 720 புள்ளி அளவு. செல்போனில் பார்த்தால் தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரிது. வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காருவதால் அங்கே எழுத்துப் போட்டால் மறைந்துபோகும். உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்னெயிலிலும் காட்டி ஏமாற்றும் வீடியோக்கள் மீது, முக்கியமாகச் செய்தி சம்பந்தப்பட்டவற்றின் மீது, இந்தியாவில் நடவடிக்கை எடுக்கப் போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. கடைசியில் அவர்களும் மேனேஜர் அறைக் கதவைத் திறக்க வேண்டி வந்தது பாருங்கள்.

கையால் வரைந்த பேனர்களை டிஜிட்டல் பிளெக்ஸ் வந்து ஒழித்தது. அதற்குப் பிறகு தியேட்டர்களே ஒவ்வொன்றாகப் போகின்றன. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடியது. 1985-இல் ரஜினிகாந்த் திறந்து வைத்த நம்ம பெரம்பூர் பிருந்தாவும் 2025-இல் மூடிவிட்டது. என் பேரன் தலைமுறைக்குச் சுவர் என்பதே கையிலிருக்கும் கண்ணாடித் தகடுதான். அதனால் தம்ப்னெயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று அவனிடம் புலிக் கதையைச் சொன்னேன். நண்பர் காலை ஏழு மணிக்குப் பதறியதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவன் இரண்டாவதைக் கேட்டதும் பேசாமல் இருந்தான்.

"சரி தாத்தா, நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காக்கிச் சட்டையோடு நேராகக் காமிராவைப் பார்த்து நிற்பார். கண் நன்றாக விழுந்த படம். முகத்தைப் பாதி வரைக்கும் பெரிதாக்கச் சொன்னேன். மஞ்சள் எழுத்தில் 'அப்பாவின் மில்' என்று இரண்டே வார்த்தை. அதையும் இடது பக்கம்.

அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் என் கண்ணாடி கழற்றிய படத்தை விட மனசில்லை. 'கதறி அழுத' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டான். இப்போது யூடியூபிலேயே மூன்று தம்ப்னெயில் வரை போட்டுப் பரீட்சை செய்யலாமாம். எந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் அதிக நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கணக்கெடுத்து அதுவே சொல்லும். "ஜனங்களே சொல்லட்டும் தாத்தா" என்று இரண்டு படத்தையும் போட்டிருக்கிறான். முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாமாம்.

நேற்று கொளத்தூரிலிருந்து என் மச்சினி போன் செய்தாள். அவளுக்கு வந்தது கண்ணாடி கழற்றிய படம் போலிருக்கிறது. "மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள்.