தமிழ் பிரெயில்

தமிழ் பிரெயில் என்பது பார்வையற்றோர் விரல் நுனியால் தடவித் தமிழைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் புள்ளி எழுத்துமுறை ஆகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951 இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையின் தமிழ் வடிவமே இது. தமிழுக்கு எழுத்துகள் குறைவு என்பதால், பாரதி பிரெயில் வகைகளுள் இதுவே மிகச் சிறியது.

வரலாறு

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில் (1809–1852) சிறு வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையிழந்தவர். அவர் உருவாக்கிய ஆறு புள்ளி முறை 1829 இல் நூலாக வெளிவந்தது. இம்முறை இந்தியாவுக்கு வந்தபோது ஒரே வடிவில் வரவில்லை. பள்ளிகளை நடத்தியவர்கள் தத்தம் மொழிக்கு ஏற்றவாறு தனித்தனி முறைகளை வகுத்துக்கொண்டனர். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோருக்குக் கல்வி அளிக்கத் தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையார் பெயரால் ஒரு தமிழ் முறை வழங்கியது. கீழைத்தேய பிரெயில், மைசூர் முறை முதலியனவும் இருந்தன. ஒரு முறையில் பயின்ற மாணவரால் மற்றொரு முறையில் அச்சான நூலைப் படிக்க இயலாது. பிரெயில் நூல்களே அரிதாக இருந்த காலத்தில் இது பெரும் இழப்பாகும்.

1940களில் அரசுக் குழு ஒன்று இந்திய மொழிகளுக்கான பொது முறையை வகுத்தது. எனினும் அதன் எழுத்துகள் ஆங்கில பிரெயிலுடன் ஒத்துப்போகாததால் எதிர்ப்பு எழுந்தது. எனவே 1949 இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெசுகோவிடம் கொண்டு சென்றது. அங்கு இப்பணிக்கு ஆலோசகராக இருந்த குளூத்தா மெக்கன்சி, 1915 இல் கலிப்பொலிப் போரில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர். போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்களுக்கான டேராடூன் நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர். 1950 இல் பாரிசிலும் 1951 இல் பெய்ரூத்திலும் நடந்த கூட்டங்களுக்குப் பின் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. ஒத்த ஒலிக்கு ஒத்த புள்ளி என்பதே அதன் அடிப்படை. ஆகவே தமிழ் 'க', இந்தி 'க', ஆங்கில 'கே' மூன்றுக்கும் புள்ளிகள் ஒன்றே.

எழுத்தமைப்பு

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிரல்களில் ஆறு புள்ளிகளுக்கு இடமுண்டு. இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3 எனவும் வலப்புறம் 4, 5, 6 எனவும் எண்ணப்படும். புள்ளிகளை மாற்றி மாற்றி எழுப்பினால் 63 குறிகள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்துகளுக்கு இவை போதாவே என்று தோன்றலாம். ஆனால் உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம், புள்ளி ஆகிய 32 குறிகளே போதுமானவை. கிரந்த எழுத்துகளுக்குத் தனிக் குறிகள் உண்டு.

அகரமேறிய மெய்க்கு ஒரு கட்டம் போதும்: க (1, 3), ம (1, 3, 4), ழ (1, 2, 3, 5, 6). பிற உயிர்மெய்களில் மெய்யை அடுத்து உயிரெழுத்தே வரும். துணையெழுத்து, கொம்பு, கால் என்று எதுவும் இல்லை. அச்சில் 'கொ' என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கும். பிரெயிலில் அது க, ஒ என ஒலிக்கும் வரிசையிலேயே அமையும். இவ்வகையில் பிரெயில் தமிழ் அச்சுத் தமிழைவிட எளியது எனலாம்.

மெய்யெழுத்தின் புள்ளி தனியே ஒரு கட்டத்தை (4) எடுத்துக்கொள்ளும்; அது மெய்க்கு முன்னால் வரும். படிக்கும் விரல் எழுத்தைத் தொடும் முன்பே அது மெய் என்று உணர்ந்துவிடுகிறது. காட்டாக, 'அம்மா' என்ற சொல் அச்சில் மூன்றெழுத்து. பிரெயிலில் அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டங்கள். மெய்கள் மிகுந்து வரும் மொழியாகையால் தமிழ் பிரெயில் நூல்கள் பருத்துவிடுகின்றன. கட்டத்தின் அளவு விரல் நுனிக்கு ஏற்ப அமைவது. எழுத்தைச் சிறிதாக்கி இடத்தை மிச்சப்படுத்தவும் முடியாது.

எழுதுதலும் அச்சிடுதலும்

மலிவான கருவி, துளைச் சட்டமும் ஊசியும் ஆகும். இதில் தாளின் பின்புறத்தில் குத்துவதால் வலமிருந்து இடமாக, புள்ளிகளை இடவலம் மாற்றி எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் படிக்க இயலும். 1951 இல் அமெரிக்காவின் பெர்க்கின்சு பள்ளி வெளியிட்ட தட்டச்சுப்பொறியில் ஆறு புள்ளிகளுக்கும் ஆறு விசைகள் உள்ளன. எழுதியதை உடனே தடவிப் பார்த்துத் திருத்தலாம். ஆனால் விலை மிகுதி.

கணினியில் ஒருங்குறித் தமிழைப் பிரெயிலாக மாற்ற லிப்லூயி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. ஒருங்குறியும் 'கொ'வை மெய், உயிர்க்குறி என்ற வரிசையிலேயே சேமிப்பதால் மாற்றம் பெரும்பாலும் நேரடியானது. ஒருங்குறியில் மெய்க்குப் பின் நிற்கும் புள்ளியை மட்டும் முன்னால் நகர்த்த வேண்டும்.