ஐரோப்பாவில் மாதச் சம்பளத்துடன் ஆராய்ச்சி: மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி? முழு விவரம்

பிஎச்.டி முடிச்சாச்சு, அடுத்து என்ன? ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் சேரணும்னு நினைப்பவர்கள் அதிகம் தேடும் பெயர்களில் ஒன்று, மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோஷிப். உலகம் முழுக்க இருந்து திறமையான ஆராய்ச்சியாளர்களை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு இழுக்க ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் திட்டம் இது.

இதில் இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு சின்ன விதியைக் கவனிக்காமல் விட்டால், எவ்வளவு நல்ல ஆராய்ச்சித் திட்டமா இருந்தாலும் படிக்கப்படாமலேயே நிராகரிக்கப்படும். யார் விண்ணப்பிக்கலாம்? எவ்வளவு பணம் கிடைக்கும்? எங்கே கோட்டை விடுறாங்க? விரிவாகப் பார்க்கலாம்.

மேரி கியூரி பெயர் ஏன்?

போலந்தின் வார்சாவில் 1867-ல் பிறந்த மேரி கியூரி, 1891-ல் படிப்பதற்காகப் பாரிஸ் போனவர். 1903-ல் இயற்பியலுக்கும் 1911-ல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். நாடு விட்டு நாடு போய்ச் சாதித்த ஆராய்ச்சியாளர் என்பதால், இடம்பெயர்ந்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கான திட்டத்துக்கு அவர் பெயர் பொருத்தமாக அமைந்தது. 1996-ல் தொடங்கிய இந்தத் திட்டம், இப்போது ஹொரைசன் யூரோப் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டத்தின் கீழ் நடக்கிறது.

போட்டி எப்படி?

2024 அழைப்பில் 10,360 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் 1,696 பேர். அதாவது, நூறு பேரில் சுமார் 16 பேர்.

2025-ல் விண்ணப்பங்கள் 17,058 ஆக எகிறின. ஒரே ஆண்டில் சுமார் 65 சதவீத உயர்வு. ஆனால் ஒதுக்கப்பட்ட நிதியோ சுமார் 40 கோடி யூரோ, முந்தைய ஆண்டைப் போலவேதான். விளைவு, கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்ற நிலை.

யார் விண்ணப்பிக்கலாம்?

2025 அழைப்பின் விதிகள் இவை. ஒவ்வொரு ஆண்டும் விதிகளில் மாற்றம் வரலாம் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான வழிகாட்டிக் கையேட்டை ஒருமுறை முழுசா படிப்பது அவசியம்.

- கடைசித் தேதிக்குள் பிஎச்.டி முடித்திருக்க வேண்டும். வைவா வெற்றிகரமாக முடிந்து, பட்டம் கைக்கு வராமல் இருந்தாலும் போதும்.
- பிஎச்.டி பெற்ற பிறகான ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைப்பேறு போன்ற இடைவெளிகளும், ஆராய்ச்சிக்கு வெளியே வேலை பார்த்த காலமும் இந்தக் கணக்கில் வராது.
- துறைக் கட்டுப்பாடு இல்லை. வேதியியல், பொறியியல் மட்டுமல்ல, வரலாறு, மொழியியல், பொருளாதாரம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.
- ஒரு அழைப்பில் ஒருவர் ஒரு விண்ணப்பம் மட்டுமே போட முடியும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய ஃபெல்லோஷிப் எந்த நாட்டவருக்கும் பொது, காலம் 12 முதல் 24 மாதம். குளோபல் ஃபெல்லோஷிப் என்பது ஐரோப்பியர்கள் வெளியே போய்விட்டுத் திரும்புவதற்கானது. ஐரோப்பிய ஒன்றியம், ஹொரைசன் யூரோப்பில் இணைந்துள்ள நாடுகள் ஆகியவற்றின் குடிமக்களுக்கும் அங்கே நீண்டகாலம் வசிப்பவர்களுக்கும் மட்டுமே அது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் பார்க்க வேண்டியது முதல் வகைதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தவிர, ஹொரைசன் யூரோப்பில் இணைந்துள்ள நாடுகளின் பல்கலைக்கழகங்களையும் தேர்வு செய்யலாம். பிரிட்டன், நார்வே எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

பலர் சறுக்கும் இடம்: 12 மாத விதி

இதுதான் ரொம்ப முக்கியம். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், எந்த நாட்டுக்குப் போக விண்ணப்பிக்கிறீர்களோ அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ, படித்திருக்கவோ கூடாது.

ஒரு உதாரணம். 2025 அழைப்பின் கடைசித் தேதி செப்டம்பர் 10. எனவே, 2022 செப்டம்பர் 10-லிருந்து கணக்குத் தொடங்கும். அந்த மூன்று ஆண்டுகளில் ஒருவர் ஜெர்மனியில் 14 மாதம் வேலை பார்த்திருந்தால், ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. அதேநேரம் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினுக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, 12 மாதம் தொடர்ச்சியாக இருக்கணும்னு இல்லை. மூணு மாசம், அஞ்சு மாசம், ஆறு மாசம்னு பிரிந்து இருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். விடுமுறைப் பயணம் போன்ற குறுகிய தங்கல்கள் மட்டும் கணக்கில் சேராது.

இதனால், முதலில் கிடைக்கும் ஐரோப்பிய வேலைக்கு ஓடுவதற்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கணும். கனவுப் பல்கலைக்கழகம் இருக்கும் நாட்டிலேயே ஒன்றரை வருஷம் வேலை பார்த்துவிட்டால், அந்த நாட்டுக்கான மேரி கியூரி கதவு சில காலத்துக்கு மூடிவிடும். கணக்கு கடைசித் தேதியோடு முடிகிறது என்பது ஒரு ஆறுதல். விண்ணப்பித்த பிறகு அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் தகுதி போகாது.

சம்பளம் எவ்வளவு?

2025 அழைப்பின்படி:

- வாழ்க்கைச் செலவுப் படி: மாதம் 5,990 யூரோ
- இடப்பெயர்வுப் படி: மாதம் 710 யூரோ
- குடும்பப் படி: மாதம் 660 யூரோ (திருமணமானவர்கள் அல்லது குழந்தைகள் உள்ளவர்களுக்கு)

கேட்கப் பெரிசா இருக்கும். ஆனால் இந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. வேலை கொடுக்கும் பல்கலைக்கழகம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கு, ஊழியரின் பங்கு, வருமான வரி எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். மேலும், வாழ்க்கைச் செலவுப் படி நாட்டுக்கு நாடு மாறும். டென்மார்க், அயர்லாந்து போன்ற விலைவாசி அதிகமான நாடுகளில் கூடும், போலந்து போன்ற நாடுகளில் குறையும். கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இது வெறும் உதவித்தொகை மாதிரி இல்லை, பல்கலைக்கழகம் வேலை ஒப்பந்தம் போட்டே எடுக்கும் என்பது பொதுவான நடைமுறை. ஆராய்ச்சி, பயிற்சிச் செலவுக்கு மாதம் 1,000 யூரோவும், நிர்வாகச் செலவுக்கு 650 யூரோவும் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போகும்.

விண்ணப்பிப்பது எப்படி?

படி 1: வழிகாட்டியைத் தேடுங்கள். தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக ஒத்துக்கொள்ள வேண்டும், விண்ணப்பமே அவருடைய நிறுவனத்தின் பெயரில்தான் போகும். யூராக்ஸெஸ் இணையதளத்தில் ஆள் தேடும் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். பல பல்கலைக்கழகங்கள் ஆண்டின் முதல் பாதியிலேயே விருப்பம் தெரிவிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பம் எழுதப் பயிற்சியும் தருகின்றன.

படி 2: மின்னஞ்சல் எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டால் பதில் வராது. அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவர் வேலையோடு உங்கள் யோசனை எங்கே சேருகிறது என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். ஒரு பக்கத் திட்டச் சுருக்கமும் சுயவிவரமும் இணைத்தால் போதும்.

படி 3: திட்டத்தை எழுதுங்கள். விண்ணப்பத்தின் பகுதி ஏ, ஆன்லைன் படிவம். பகுதி பி1, ஆராய்ச்சித் திட்டம். இதற்கு உச்சவரம்பு 10 பக்கம். பதினோராவது பக்கம் எழுதினால் மதிப்பீட்டாளர் கண்ணுக்கே தெரியாது. சுயவிவரம், நிறுவன விவரம் போன்றவை பகுதி பி2-வில் வரும்.

படி 4: நேரத்தோடு சமர்ப்பியுங்கள். அழைப்பு பொதுவாக ஏப்ரல், மே வாக்கில் திறக்கும், செப்டம்பரில் மூடும். கடைசி நேரம் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணி, நமக்கு இரவு 8.30. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் செல்லும். எனவே ரெண்டு நாள் முன்னாடியே ஒரு பிரதியைச் சமர்ப்பித்துவிடுவது பாதுகாப்பு. முடிவுகள் அடுத்த பிப்ரவரியில் வரும்.

மதிப்பெண் கணக்கு என்ன?

மூன்று பிரிவுகள். ஆராய்ச்சித் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20. ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மதிப்பெண் போட்டு, இந்த விகிதத்தில் நூற்றுக்கு மாற்றுவார்கள்.

ஆராய்ச்சித் தரத்தில் ஒருவர் 5-க்கு 5 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 50. தாக்கம் பிரிவில் 3.5 என்றால் 21. செயல்திட்டத்தில் 4.5 என்றால் 18. மொத்தம் 89. நல்ல மார்க்தானே? ஆனால் அண்மை ஆண்டுகளில் 90-க்கு மேல் எடுத்தவர்களே பலர் வாய்ப்பை இழந்திருக்கிறார்கள்.

இங்கதான் சூட்சுமம். பெரும்பாலானோர் அறிவியல் பகுதியைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, தாக்கம் பகுதியை 'சமூகத்துக்குப் பயன்படும்' என்று பொதுவாக முடித்துவிடுவார்கள். யாருக்குப் பயன்படும், எப்படி அவர்களிடம் போய்ச் சேரும், இந்த இரண்டு ஆண்டில் நீங்கள் கற்கும் புதுத் திறமை என்ன, நீங்கள் அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது என்ன என்று குறிப்பாக எழுத வேண்டும். வேலைத் திட்டத்தில் மாதவாரியான அட்டவணையும், ஒரு சோதனை தோற்றால் மாற்று வழி என்ன என்பதும் இருக்க வேண்டும்.

கிடைக்கலைன்னா?

பத்தில் ஒன்பது பேருக்கு வரப்போவது நிராகரிப்புக் கடிதம்தான். அதோடு மதிப்பீட்டு அறிக்கையும் வரும். அதில் குறைகள் வரிவரியாக இருக்கும். அதைத் திருத்தி அடுத்த ஆண்டு வெல்பவர்கள் உண்டு.

- 85 சதவீதத்துக்கு மேல் எடுத்தும் நிதி கிடைக்காதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' சான்றிதழ் கிடைக்கும். இதை வைத்துச் சில நாடுகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் சொந்த நிதியில் வாய்ப்பு தருகின்றன.
- போர்ச்சுகல், போலந்து, கிரீஸ், செக் குடியரசு போன்ற நாடுகளைத் தேர்வு செய்தவர்கள், விண்ணப்பத்திலேயே இஆர்ஏ ஃபெல்லோஷிப்புக்கும் சம்மதம் தெரிவிக்கலாம். அதே விண்ணப்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு.
- 70 சதவீதத்துக்குக் கீழே போனால், 2025 விதிப்படி, அதே பல்கலைக்கழகத்தோடு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. அரைகுறையாக எழுதி 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்பது இதனால் ஆபத்து.
- ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். நாடு, துறை வாரியான ஒதுக்கீடும் அதில் இல்லை. பிரிட்டனில் நியூட்டன் இன்டர்நேஷனல் ஃபெல்லோஷிப் இருக்கிறது.

காசு கேட்டால் உஷார்

'ஃபெல்லோஷிப் வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கட்டுங்க' என்று யாராவது கேட்டால் நம்ப வேண்டாம். விண்ணப்பம் ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரப்பூர்வ நிதி போர்ட்டல் வழியாக மட்டுமே போகும், அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. விண்ணப்பக் கையேடு, மாதிரிப் படிவங்கள் எல்லாமே அங்கே இலவசம்.

அடுத்த செப்டம்பரைக் குறிவைப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது இரண்டே வேலை. பாஸ்போர்ட்டை எடுத்து, கடந்த மூன்று ஆண்டில் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். பிறகு, உங்கள் துறையில் நீங்கள் உண்மையாகவே வேலை செய்ய விரும்பும் மூன்று பேராசிரியர்களின் பெயரை எழுதுங்கள். முதல் மெயில் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.