கன்னித்திரை

யோனி வாயிலின் உள்விளிம்பில் அமைந்த மெல்லிய சளிச்சவ்வு மடிப்பு கன்னித்திரை. பெயரில் திரை இருந்தாலும் இது வாயிலை மூடுவதில்லை. பெரும்பாலோருக்கு வளையமாகவோ பிறையாகவோ இருக்கும்; நடுத்துளை வழியே மாதவிடாய் வெளியேறும். அரிதாகத் துளையே இல்லாமல் போனால், பருவமடைந்த பெண்ணுக்கு இரத்தம் உள்ளே தேங்கி மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும். சிறிய அறுவை சிகிச்சையில் இது சரியாகிவிடும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமில் மருத்துவம் பார்த்த சொரேனஸ், இப்படியொரு சவ்வே இல்லை என்று எழுதினார். உடலை அறுத்தால் தென்படவில்லை, சலாகையைச் செலுத்தினால் தடையில்லை என்பன அவர் காட்டிய காரணங்கள். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறியலாளர் வெசாலியஸ் உடற்கூறு ஆய்வில் இதைக் கண்டு பதிவு செய்தார். அதே நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரேயோ சிறுமியரைச் சோதித்துவிட்டு இல்லை என்றார். மறுத்தவர்கள் தேடியது வழியடைக்கும் சுவரை. அப்படியொரு சுவர் பெரும்பாலோரிடம் இல்லைதான்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் இரு முகங்களிலும் கெரட்டின் படியாத பல்லடுக்குத் தட்டைச் செல்கள் தெரியும். இடையிலுள்ள இணைப்புத் திசுவில் கொலாஜன், மீள்நார்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தாயின் ஈஸ்ட்ரோஜனால் இச்சவ்வு தடித்திருக்கும். சில ஆண்டுகளில் மெலிந்து சிவக்கும். பருவத்தில் சொந்த ஈஸ்ட்ரோஜன் சுரந்ததும் மீண்டும் தடித்து, மடிப்புகள் விழுந்து, நன்றாக நெகிழும். இந்த நெகிழ்வுதான் முக்கியம். உறவின்போது கிழியாமல் விரிந்து கொடுக்கவும் கூடும். எனவே முதலிரவில் இரத்தம் வந்தே தீரும் என்ற நம்பிக்கைக்கு உடற்கூறில் ஆதாரமில்லை. கருவுற்ற வளரிளம் பெண்கள் 36 பேரைப் பரிசோதித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உட்புகுதலுக்கு உறுதியான அடையாளம் இருந்தது இருவரிடம் மட்டுமே.

ஆனாலும் இச்சவ்வை வைத்துப் பெண்ணின் ஒழுக்கத்தை அளந்தார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம், யோனிக்குள் இரு விரல்களைச் செலுத்திப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை நடத்தினார்கள். அது அறிவியலுமல்ல, மருத்துவமுமல்ல. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தனியுரிமை மீறல் என்றது. கன்னிமைப் பரிசோதனையைக் கைவிடுமாறு 2018இல் உலக சுகாதார நிறுவனம் கோரியது. தமிழ்நாட்டில் இருவிரல் பரிசோதனையைத் தடைசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.