தன்னைத் தின்று நினைவைக் காக்கும் உயிரணு



உயிரியல் பாடநூலில் லைசோசோம் ஒரு பாடத்தில் வரும். நோய் எதிர்ப்பாற்றல் பல பக்கங்கள் தள்ளி வேறொரு பாடத்தில் வரும். இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகவே விடை எழுதுகிறோம். ஆனால், இவை ஒரே கதையின் இரு முனைகள். அந்த முனைகள் ஒன்றுசேர ஏறத்தாழ 170 ஆண்டுகள் பிடித்தன. எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம், வாங்க.

முதல் முனை: 65 ஆண்டு நினைவு

1846ஆம் ஆண்டு. வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த பரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் நோயில் விழுந்தார்கள். நிலைமையை ஆராய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை டென்மார்க் அரசு அனுப்பியது.

ஊர் ஊராகப் போய் விசாரித்த பானும் ஒன்றைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் அதற்குமுன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இந்த முறை வரவில்லை. முன்பு நோய் காணாத முதியவர்களுக்கோ, மற்றவர்களைப் போலவே வந்தது.

65 ஆண்டுகளாக அந்த நோய் அங்கே தலைகாட்டவே இல்லை. அப்போ அந்த நினைவு உடம்பில் எங்கே இருந்தது? பானும் காலத்தில் இதற்கு விடை கிடையாது. நினைவைச் சுமப்பவை பி, டி என்னும் வெள்ளை அணுக்கள் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. கிருமி நுழைந்ததும் அதை அடையாளம் காணும் டி அணுக்கள் பல்கிப் பெருகும். சண்டை முடிந்ததும் அவற்றில் 100க்கு 90க்கும் மேல் இறந்துவிடும். மிஞ்சும் சிலவே நினைவு அணுக்களாகி, பல ஆண்டுகள் காவல் இருக்கும்.

இரண்டாம் முனை: உயிரணுவின் குப்பைத் தொட்டி

பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் டி டூவ் எலியின் கல்லீரலில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருந்த மாதிரியில் ஒரு நொதியின் செயல்பாடு கூடியிருந்தது. அந்த நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை கிழிந்ததால் வெளியே வந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். உயிரணு தன் பழுதடைந்த பாகங்களைப் பொட்டலம் கட்டி அங்கே அனுப்பிச் செரித்துக்கொள்வதற்கு, 1963இல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தார். தமிழில் தன்னுண்ணல் எனலாம்.

பெயர் கிடைத்தது, வேலை நடக்கும் விதம் தெரியவில்லை. பொட்டலம் உடனே செரித்துப்போனால் எப்படிப் பார்ப்பது? ஜப்பானின் யோஷினோரி ஓசுமி எளிய வழி கண்டார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். குப்பை எரிக்கும் அடுப்பை அணைத்தால் குப்பை குவியும்தானே? அதுபோல, சில மணி நேரத்தில் ஈஸ்ட்டின் வேக்யூவோலில் பொட்டலங்கள் குவிந்தன. இது 1992இல் வெளியானது. அடுத்த ஆண்டே, தன்னுண்ணலுக்குத் தேவையான 15 மரபணுக்களை அவர் குழு அடையாளம் கண்டது. 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முனைகள் சேர்ந்த இடம்

ஈஸ்ட்டில் கண்ட மரபணுக்களுக்கு இணையானவை எலிக்கும் மனிதனுக்கும் உண்டு. அதனால், குறிப்பிட்ட அணுக்களில் மட்டும் தன்னுண்ணலை நிறுத்திப் பார்க்க முடிந்தது. 2014இல் வெளியான ஆய்வுகளில் இதைச் செய்தார்கள். பி அணுக்களில் தன்னுண்ணல் இல்லாத எலிகள், முதல் முறை எதிர்ப்பொருளை வழக்கம்போல உருவாக்கின. ஆனால், நினைவு அணுக்கள் நிலைக்கவில்லை. பிறகு இன்ஃபுளுவென்சா கிருமி தாக்கியபோது அதிகமானவை இறந்தன. டி அணுக்களிலும் இதே போக்குதான்: முதல் சண்டை நடந்தது, நினைவு தங்கவில்லை.

ஏன் இப்படி? சண்டையிடும் அணு சில நாள் வாழ்ந்தால் போதும். உள்ளே குப்பை சேர்ந்தாலும் பரவாயில்லை. நினைவு அணு நெடுங்காலம் இருக்க வேண்டியது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றி, அதன் மூலப்பொருளைத் திரும்பப் பயன்படுத்தாவிட்டால் அது தாக்குப்பிடிக்காது. நினைவு என்பது எழுதி வைத்த ஏடு அல்ல. தினமும் பராமரிக்க வேண்டிய வீடு.

மாணவர்களே, தடுப்பூசி ஏன் பல ஆண்டுகள் காக்கிறது என்று கேட்டால், நினைவு அணுக்கள் உருவாகின்றன என்பதோடு நிறுத்திவிடாதீங்க. அவை நிலைத்திருப்பதும் அவசியம், அதற்குத் தன்னுண்ணல் துணை என்று ஒரு வரி சேருங்கள்.

ஆசிரியர்களே, பட்டினி கிடந்தால் எதிர்ப்பாற்றல் கூடும், அதற்குத்தான் நோபல் கொடுத்தாங்க என்று புலனத்தில் வரும் செய்தியை மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டு வருவார்கள். ஓசுமி பரிசு பெற்றது தன்னுண்ணல் இயங்கும் முறையைக் கண்டதற்காக. பட்டினி மருத்துவத்துக்காக அல்ல. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. 2014இல் சோதிக்கப்பட்டவை எலிகள். எது எந்த உயிரில் நிரூபிக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்ட இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?